தெய்வநாயகியின் மணிக்கட்டு

தெய்வநாயகி உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் என் எதிர் வீட்டில் பதின்மூன்று வருஷம் குடியிருந்தவளைப் பற்றிச் சொல்கிறேன். காப்பி குடிப்பது நின்றுகொண்டு, பேப்பர் படிப்பது நடந்துகொண்டு. என்னோடு வம்பு பேச வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியிலேயே வைத்திருப்பாள். "உள்ளே வந்து உட்காரேண்டி, நாற்காலி கடிக்காது" என்பேன். "இதோ கிளம்பிட்டேன் டீச்சர்" என்பாள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பேசுவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள்.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். சாரதாம்பாள் என்று பெயர், முன்கோபக்காரி என்று பட்டம். அந்தப் பட்டம் எனக்குப் பொருந்தும் என்பதால் நான் சண்டைக்குப் போனதில்லை.

தெய்வநாயகி மதுராந்தகத்துப் பெண். டைப்பும் சுருக்கெழுத்தும் முடித்துவிட்டு, தொண்ணூறாம் வருஷம் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். மேனேஜர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தை இவள் இங்கிலீஷில் மறுமுனைக்குச் சொல்ல வேண்டும். மறுமுனைக்காரன் திட்டினால் அதைத் தமிழில் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து வசவும் இவள் வாய் வழியாகத்தான் போகும். "எதுவுமே நம்ம மேல ஒட்டாது டீச்சர். அடுத்தவங்க பேச்சை நம்ம வாயால பேசறப்ப மனசு ஜாலியா இருக்கும்" என்று பெருமையாகச் சொல்வாள்.

நாலு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை படாளத்துச் சீனு, ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. மறு வருஷம் பிரதீபா பிறந்தாள். ஒரே பெண். ஒன்பது வயதாகியும் அம்மா கையில் தொங்கிக்கொண்டேதான் நடப்பாள். இவள் ஓட்டமும் நடையுமாகப் போக, அந்தக் குழந்தை பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. சீனு காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். தாயும் மகளும் கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போனார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெய்வநாயகி ஒரு வீட்டு இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். பிரதீபாவை மைதானத்துச் சுவரோரம் ஒரு பாதாம் மரத்திலிருந்து காவலாளி ஒருவர் இறக்கினார். இடது கையில் எலும்பு முறிவு, உடம்பெல்லாம் சிராய்ப்பு, உயிர் இருந்தது. அந்தக் கரையில் எத்தனை வீட்டில் அது இல்லை என்பதை நினைத்தால் இவர்கள் கொடுத்து வைத்தவர்கள்தான்.

"கையைப் பிடிச்சிருந்தேன், தண்ணி பிடுங்கிட்டுப் போயிடுச்சு" என்று தெய்வநாயகி வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள், மதுராந்தகத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னாள், என்னிடம் நாலு தடவை சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

பொங்கல் கழிந்து கட்டுப் பிரித்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் நிற்கும் இடம் தெரியும். அங்கே போக ரோட்டைத் தாண்ட வேண்டும். ரோட்டோரம் வந்ததும் தெய்வநாயகி கையை நீட்டுவாள். பிரதீபா புத்தகப் பையின் இரண்டு பட்டைகளையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்வது போலத் திரும்பி வரும். இது தினமும் நடந்தது. தினமும் நான் பார்த்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய்விட்டேன். "ஏண்டி, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே?" என்று பிரதீபாவை அதட்டினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மாவைக் கேளுங்க டீச்சர்" என்றாள்.

தெய்வநாயகியின் முகம் வெளுத்துவிட்டது. "பஸ் வந்துடுச்சு, ஏறு, ஏறு" என்றாள். பஸ் இன்னும் திருப்பத்தில்கூட வரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. துவைத்ததையே துவைப்பாள், மாடிப்படியைக் கழுவுவாள், என் வீட்டு மாடிப்படியையும் சேர்த்துக் கழுவுவாள். அந்தச் சமயத்தில்தான் அயர்லாந்திலிருந்து ஜெஸ்ஸி என்றொரு அம்மாள் வந்து மாமல்லபுரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். மனசில் விழுந்த அடிக்கு வைத்தியம் பார்க்கிறவர். குப்பத்துப் பெண்களின் தமிழை இங்கிலீஷிலும் ஜெஸ்ஸியின் இங்கிலீஷைத் தமிழிலும் மாற்றிச் சொல்ல ஒரு பெண் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெய்வநாயகி மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். தார்ஷீட் கொட்டகைகளுக்கு நடுவே தப்பித்து நின்ற ஒரே ஒரு கட்டடம், அதில் வாரம் மூன்று நாள் கூட்டம். ஜெஸ்ஸியின் வைத்தியம் இவ்வளவுதான்: பயத்தை ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே உள்ளங்கையின் பக்கவாட்டில், சுண்டுவிரலுக்குக் கீழே, இரண்டு விரலால் தட்ட வேண்டும். அப்புறம் புருவம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, மோவாய், கழுத்தெலும்பு, அக்குள், உச்சந்தலை. நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பயமில்லாத ஓர் இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

தெய்வநாயகிக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். அந்தப் பெண் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே சொல்ல வேண்டும். 'அவளுக்குப் பயமாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்குப் பயம்' என்றே சொல்ல வேண்டும். பழைய ஆபரேட்டருக்கு இது கைவந்த கலை. குப்பத்துப் பெண் அழுதால் இவள் இங்கிலீஷில் "என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை" என்பாள், "என் மாமியார் கூரையோடு போனாள்" என்பாள். ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய சாவைத் தன்னுடையதாகச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழம்பு வைப்பாள்.

ஆனால் முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. ஜெஸ்ஸி ஊரிலிருந்து கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்து, "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அமைதியான ஒரு கடற்கரையில் இருக்கிறீர்கள். அலை மெதுவாக வந்து உங்கள் காலை நனைக்கிறது" என்று வாசித்தாராம். நல்ல மனுஷிதான், பாவம். எந்த ஊரில் எதை வாசிக்கிறோம் என்று யோசிக்கவில்லை. நாற்பது பெண்கள் கண்ணை மூடிக் காத்திருக்கிறார்கள். தெய்வநாயகி சட்டென்று மாற்றினாள்: "மதுராந்தகத்துல பஸ் ஏறிட்டீங்க. ஜன்னலோர சீட்டு கெடச்சுடுச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. காத்து சில்லுனு வருது. எறங்க வேண்டிய எடம் இன்னும் ரொம்ப தூரம். யாரும் உங்களக் கூப்பிட மாட்டாங்க."

பெண்கள் முகத்தில் சிரிப்பு வந்ததாம். தன் காகிதம் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று ஜெஸ்ஸிக்கு ஒரே சந்தோஷம். அதை இவள் என்னிடம் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அங்கே செல்லம்மா என்று ஒரு மீன்காரி. இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள், இரண்டும் பிழைத்தன. படகு போயிற்று, வீடு போயிற்று. கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போக மட்டும் அவளால் முடியவில்லை. ஜெஸ்ஸி சொல்லித்தரும் வாக்கியம் எப்போதும் ஒரே மாதிரி முடியும்: எனக்கு இந்தப் பயம் இருந்தாலும், என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். தெய்வநாயகி இதைத் தமிழில் சொன்னதும் செல்லம்மா தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னா இங்கிலீஸம்மா இது? என்னிய நானே ஏத்துக்கறதா? நா இன்னா ஊட்ட வுட்டு ஓடிப்போயா கீறேன், திரும்ப வந்து ஏத்துக்க?"

"அவங்க அப்பிடித்தாம்மா சொல்றாங்க."

"சொல்லட்டும். நா 'பயம் கீது, இருந்தாலும் சோறு ஆக்கணும்'னு சொல்லிக்கறேன். அது போதும்."

அப்படியே சொல்லித் தட்டினாள். ஒரு மாசத்தில் கரை வரைக்கும் போனாள். நான் இந்த மாதிரி வித்தைகளை நம்புகிறவள் இல்லை. உச்சந்தலையில் தட்டினால் பயம் போகும் என்றால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எப்போதோ போயிருக்க வேண்டும். ஆனால் செல்லம்மா போனாள் என்பது உண்மை. அதை மறைக்க மாட்டேன்.

தெய்வநாயகியும் தட்ட ஆரம்பித்தாள். அடுப்படியில், பால் வாங்கும் வரிசையில், பஸ்ஸில், பேசும்போது, பேசாதபோது. கண்ணுக்குக் கீழே தோல் கன்றிப் போயிருந்தது. சீனு என்னிடம் வந்து புலம்பினார்: "டீச்சர், நீங்களாவது கேளுங்க. எந்நேரமும் மூஞ்சிலயே தட்டிகினு கீறா. ஷிப்டு முடிச்சு வந்து படுத்தா டொக்கு டொக்குன்னு கேக்குது. பேஜாரா கீது."

கேட்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எல்லாருக்கும் இந்த வைத்தியம் கேக்குது டீச்சர், எனக்கு மட்டும் கேக்கல. ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தானே தட்டணும்? அது எனக்கு வாயில வரல. வெறும் தட்டுத் தட்டிக்கிட்டிருக்கேன்."

"என்ன வாக்கியம்?"

"இதோ, அடுப்புல பால் வெச்சேன்" என்று ஓடிவிட்டாள். பால்காரர் அன்றைக்கு வரவே இல்லை.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. சீனுவுக்குக் காலை ஷிப்ட். பிரதீபாவைத் தனியாக விட முடியாது, கூடவே அழைத்துப் போக வேண்டும். "நீங்களும் வாங்க டீச்சர். அவகூட நான் மட்டும் பஸ்ல போனா..." என்று இழுத்தாள். மகளோடு தனியாகப் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேடிக்கை பார்க்கிற ஆசை எனக்கும் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

கட்டடத்துக்குள் நல்ல வெயில் புழுக்கம். பெரிய கூட்டம் முடிந்து, செல்லம்மாவோடு மட்டும் தனியாகப் பேச ஜெஸ்ஸி உட்கார்ந்தார். இருவரும் பாயில், தெய்வநாயகி மட்டும் நடுவில் நின்றுகொண்டு. பிரதீபா ஜன்னல் திண்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் கதவோரம்.

"இன்னும் எப்போது கஷ்டமாக இருக்கிறது?" என்று ஜெஸ்ஸி கேட்டார். இவள் தமிழில் கேட்டாள்.

செல்லம்மா சொன்னது இதுதான், ஓர் எழுத்து கூட்டாமல் சொல்கிறேன்: "இப்பலாம் தேவலை. கூடைய தலைல வெக்கறப்ப மட்டும் கை நடுங்குது. கையில கெட்டியா புடிக்க முடில."

தெய்வநாயகி ஜெஸ்ஸி பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். இரண்டு விரலும் தாமாகவே கழுத்தெலும்பில் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு இங்கிலீஷில், வழக்கமான அந்த ஆபரேட்டர் குரலிலேயே சொன்னாள்: "என் மகளைத் தண்ணீர் பிடுங்கவில்லை. கேட்டைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நான்தான் விரலைத் திறந்தேன்."

எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷுக்கே அது புரிந்தது. ஜன்னல் திண்டில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

ஜெஸ்ஸிக்கு அது செல்லம்மாவின் பேச்சு. இதுவரை ஒரு மகளைப் பற்றிச் செல்லம்மா வாயே திறக்கவில்லையே என்று அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்லம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். செல்லம்மா திகைத்துப் போனாள்.

"இன்னாத்துக்கு இந்தம்மா அழுவுது? கூடைக்கா அழுவுது?"

ஜெஸ்ஸி செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தே இங்கிலீஷில் சொன்னார்: "உயிரைப் பிடித்துக்கொண்டது உன் உடம்பு. அதற்காக நீ தாய் இல்லை என்று ஆகிவிடாது. என்னோடு சேர்ந்து சொல். நான் விரலைத் திறந்தேன், இருந்தாலும்..."

சொல்லிவிட்டு, தமிழில் வரட்டும் என்று தெய்வநாயகியை நிமிர்ந்து பார்த்தார். இவளால் முடியவில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எல்லாருடைய துக்கத்தையும் தன் வாயால் சொன்னவளுக்குத் தன்னுடையதைத் தமிழில் சொல்ல வாய் இல்லை. எனக்கு ஓடிப்போய் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

பிரதீபா திண்டிலிருந்து இறங்கி வந்தாள். அம்மாவுக்கு நேர் எதிரே நின்றாள்.

"நான் விரலைத் தெறந்தேன்" என்று தமிழில் சொன்னாள். "இருந்தாலும்..." அதோடு நிறுத்திவிட்டாள்.

செல்லம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவ்வளவுதான். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், மெதுவாக ஜெஸ்ஸியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "வாம்மா, வெளில போயி டீ குடிக்கலாம். வா வா, டீ, டீ" என்று அந்த அம்மாளைத் தோளைப் பிடித்து எழுப்பி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். என்னைத் தாண்டும்போது, "டீச்சரம்மா, நீயும் வா" என்றாள். நான் போகவில்லை. வம்புக்காரி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"செல்லம்மா ஆன்ட்டி அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் பிரதீபா.

"சொல்லல."

"அவங்களுக்குப் பொண்ணே கெடையாது."

"கெடையாது."

"நீ என்னைப் பார்த்தே. பார்த்துட்டுத்தான் விட்டே. அப்புறம் ரெண்டு கையாலயும் கேட்டைப் பிடிச்சே."

"ஆமா."

"எல்லார்கிட்டயும் தண்ணி பிடுங்கிடுச்சுன்னு சொன்னே. ஆஸ்பத்திரியில என்கிட்டயும் சொன்னே. நான்தான் தப்பா பார்த்துட்டேனோன்னு நெனச்சேன்மா. டெய்லி நெனச்சேன். மரத்துல இருந்தப்ப எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சோன்னு நெனச்சேன்." சொல்லச் சொல்ல அந்தக் குழந்தை அழ ஆரம்பித்தது.

தெய்வநாயகி உட்கார்ந்துவிட்டாள். காலை மடக்கி, சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். விரல்கள் மடியில் சும்மா கிடந்தன. "நீ சரியாத்தான் பார்த்தே கண்ணு. அம்மாதான் பொய் சொன்னேன்" என்றாள்.

பிரதீபா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கட்டிக்கொள்ளவில்லை. அழுது முடித்தாள், மூக்கைச் சிந்தினாள், அம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றாள். ஒன்றை எடுத்து அம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள். தெய்வநாயகி அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

ஜெஸ்ஸிக்கு ஊர் திரும்பும்வரை விஷயம் தெரியாது. அடுத்த வாரம் செல்லம்மாவின் இல்லாத மகளுக்காக ஒரு மெழுகுவத்தி வாங்கி வந்து ஏற்றினாராம். செல்லம்மாவும் முகத்தை மாற்றாமல் பக்கத்தில் நின்று கும்பிட்டாளாம். "நம்ம இங்கிலீஸம்மாவுக்காவ ஒரு பொண்ணப் பெத்தா இன்னா இப்ப?" என்று பிறகு என்னிடம் சொன்னாள். எத்தனை படித்தவர்களுக்கு அந்த மனசு வரும் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நாங்கள் நாலு மணிக்குக் கிளம்பினோம். கல்பாக்கம் பஸ்ஸுக்கு ஈ.சி.ஆர். ரோட்டைத் தாண்டி நிற்க வேண்டும். கார்கள் சர்ரென்று பறக்கிற ரோடு. தெய்வநாயகி ஓரத்தில் வந்து நின்றாள். வழக்கமாக நீட்டுகிற கையை அன்றைக்கு நீட்டவில்லை. உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கேட்கிற உரிமை போய்விட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

பிரதீபா அம்மாவின் அந்தக் கையைப் பார்த்தாள். விரல்களைத் தொடவில்லை. அதற்கு மேலே, மணிக்கட்டை, முறிந்து கூடிய தன் இடது கையால் வளையலோடு சேர்த்து இறுகப் பிடித்தாள். அவள் விரல்கள் சுற்றிவர எட்டவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து பிடித்தாள்.

"இப்படிப் பிடிச்சா நீ விட்டாலும் நான் விழ மாட்டேன்" என்றாள்.

தெய்வநாயகி நகரவில்லை. ரோடு இரண்டு தடவை காலியாயிற்று. "வாம்மா, பஸ் வருது" என்று மகள்தான் இழுத்துக்கொண்டு தாண்டினாள். பின்னால் வந்த என்னையும் ஒரு கார்க்காரன் திட்டிவிட்டுப் போனான்.